'ஐ திங்க்': ஓர் ஆங்கிலத் தொடரும் அது ஏற்கும் பொறுப்பும்

ஆங்கிலம் பேசுவோர் தம் சொந்தக் கருத்தை வெளியிடும்போது மிகுதியாக எடுத்தாளும் தொடர்களுள் 'ஐ திங்க்' முதன்மையானது. அகராதியைப் புரட்டினால் 'நான் நினைக்கிறேன்' என்று எளிதாகப் பொருள் கிடைத்துவிடும். ஆனால் கடைத்தெருவிலும் வகுப்பறையிலும் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அத்தொடர் செய்யும் வேலைகளை அந்தப் பொருளைக் கொண்டு விளக்கிவிட முடியாது. ஐயத்தைக் காட்டும் அடையாளம் என்று மொழிப் பாடநூல்கள் சில அதனைச் சுருக்கிவிடுகின்றன. தன்னம்பிக்கையின்மையின் வெளிப்பாடு என்று கருதி, அலுவலகப் பேச்சிலிருந்து அதனை அகற்றிவிடுமாறு அறிவுரைப்போரும் உண்டு. கடந்த எழுபது ஆண்டுகளில் மெய்யியலாளரும் மொழியியலாளரும் இத்தொடரைப் பற்றிக் கண்டறிந்தவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது இவ்விரு கருத்துகளும் குறையுடையவை என்பது புலப்படுகிறது. ஒரு கூற்று யாருடைய பொறுப்பில் நிற்கிறது என்பதை அறிவிப்பதே இத்தொடரின் அடிப்படைப் பணி. ஐயம், பணிவு, உறுதி ஆகியவை அந்தப் பணி இடத்திற்கேற்ப எடுக்கும் வெவ்வேறு சாயல்கள்.

இத்தொடர் இருவேறு நிலைகளில் வழங்குகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த் 1637இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற 'சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்னும் புகழ்பெற்ற கூற்று ஆங்கிலத்தில் 'ஐ திங்க்' என்றே தொடங்குகிறது. அங்கே அவ்வினை சிந்தித்தல் என்னும் மனச்செயலை முழுப்பொருளில் குறிக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒருவர் 'ஐ திங்க் த பஸ் ஹேஸ் கான்' என்று சொல்லும்போதோ அவர் தம் மனத்துக்குள் நிகழும் எதையும் வருணிக்கவில்லை. பேருந்து போய்விட்டதைப் பற்றியே பேசுகிறார். கேட்பவர் அதை மறுக்க விரும்பினால் 'இல்லை, இன்னும் போகவில்லை' என்பாரே தவிர, 'இல்லை, நீங்கள் அப்படி நினைக்கவில்லை' என்று சொல்லமாட்டார். மறுப்பு எந்தப் பகுதியைத் தொடுகிறதோ அதுவே கூற்றின் உள்ளீடு என்று கொண்டால், இவ்வாக்கியத்தின் உள்ளீடு பேருந்துச் செய்தியே. வாக்கியத் தலையில் நிற்கும் இரு சொற்களும் அச்செய்தியை எவ்வாறு ஏற்றுக்கொள்வது என்று கேட்பவருக்கு வழிகாட்டுகின்றன.

இந்த வேறுபாட்டைத் துல்லியமாக விளக்கியவர் ஆக்ஸ்ஃபோர்டு மெய்யியலாளர் ஜே. ஓ. அர்ம்சன். 'மைண்ட்' என்னும் மெய்யியல் இதழில் 1952இல் அவர் எழுதிய கட்டுரை, நினைத்தல், நம்புதல், அறிதல், ஊகித்தல் போன்ற வினைகளுக்கு 'இடைச்செருகு வினைகள்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. தன்மை ஒருமையில், நிகழ்காலத்தில் வரும்போது இவ்வினைகள் வாக்கியத்தின் முதலிலோ இடையிலோ இறுதியிலோ செருகப்படக் கூடியவை. பேசுபவரின் உள்ளத்தில் நிகழும் ஒன்றைத் தெரிவிப்பதற்கு மாறாக, உடன்வரும் கூற்றுக்கு எத்தகைய ஆதாரம் இருக்கிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதைக் கேட்பவருக்குச் சுட்டுபவை என்பது அவர் வாதம். பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த்தும் 1958இல் வெளியான தம் கட்டுரையில் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார். வானிலை மாறப்போகிறது என்று நம்புவதாக ஒருவர் சொன்னால் அவர் தம்மைத் தாமே வருணிக்கவில்லை, தணிந்த குரலில் ஒரு கூற்றை முன்வைக்கிறார் என்றார் அவர். இதையே படர்க்கைக்கு மாற்றி 'அவள் அப்படி நம்புகிறாள்' என்றால், அது இன்னொருவரின் மனநிலையைப் பற்றிய வெறும் செய்தியாகிவிடுகிறது. கேம்பிரிட்ஜ் மெய்யியலாளர் ஜி. இ. மூர் எழுப்பி, விட்கென்ஸ்டைன் விரித்து ஆராய்ந்த புதிரும் இங்கேதான் வேர்கொண்டுள்ளது. 'மழை பெய்கிறது, ஆனால் பெய்கிறது என்று நான் நம்பவில்லை' என்று ஒருவர் சொன்னால் அதில் தருக்க முரண் ஏதுமில்லை, ஆயினும் அது அபத்தமாக ஒலிக்கிறது. ஒன்றைக் கூறுவதே அதற்குப் பொறுப்பேற்பதாகும் என்பதால், ஏற்ற பொறுப்பை அடுத்த மூச்சில் துறப்பதைச் செவி ஏற்பதில்லை.

மெய்யியலாளர் சிந்தித்துக் கண்டதை இலக்கணச் சான்றுகளும் உறுதிப்படுத்துகின்றன. 'ஐ திங்க்' என்பதற்குப் பின் 'என்று' என்னும் பொருளுடைய 'தட்' வரவேண்டும் என்பது எழுத்திலக்கணம் காட்டும் அமைப்பு. அமெரிக்கப் பேச்சு உரையாடல்களைத் திரட்டி ஆராய்ந்து சாண்ட்ரா தாம்சனும் அந்தோணி மியூலக்கும் 1991இல் வெளியிட்ட ஆய்வு, பேச்சில் அந்த இணைப்புச்சொல் பெரும்பாலும் வருவதில்லை என்றும், எழுவாய் தன்மை ஒருமையாக இருக்கும்போது இந்தப் போக்கு மிக வலுவாக இருக்கிறது என்றும் காட்டியது. இணைப்பு அறுந்ததும், முதன்மை வாக்கியமாக இருந்த பகுதி தன் தலைமையை இழந்து, 'ஒருவேளை' போன்ற வினையடையின் நிலைக்கு இறங்கிவிடுகிறது; அதனால்தான் அது வாக்கியத்தின் எந்த மூலைக்கும் நகர்ந்து செல்ல முடிகிறது. முழுச்சொற்கள் காலப்போக்கில் இலக்கண உருபுகளின் இயல்பை ஏற்கும் இம்மாற்றத்தை மொழியியலார் இலக்கணமயமாதல் என்பர். வாக்கிய முடிவில் ஒட்டப்படும் வினா இதற்கு மேலும் நுட்பமான சான்று: 'ஐ திங்க் ஹி இஸ் ரைட்' என்பதற்குப் பின் ஆங்கிலேயர் 'இஸ்ன்ட் ஹி?' என்று அவரைப் பற்றித்தான் கேட்பர், 'நான் நினைக்கவில்லையா?' என்று தம்மைப் பற்றிக் கேட்பதில்லை. வாக்கியத்தின் உண்மையான தலை எது என்பதைப் பேசுவோரின் இலக்கண உணர்வு இவ்வாறு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எதிர்மறை வாக்கியங்களில் இவ்வியல்பு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 'ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்' என்று ஆங்கிலேயர் சொல்லும்போது எதிர்மறை நினைத்தலின் மேல் ஏறி நின்றாலும், பொருளால் அது வருதலுக்கே உரியது. 'அவர் வரமாட்டார்' என்பதே கருத்து. கீழ்வாக்கியத்துக்குரிய மறுப்பு மேல்வாக்கியத்துக்கு இடம்பெயரும் இந்நிகழ்வை டென்மார்க் நாட்டு அறிஞர் ஆட்டோ யெஸ்பர்சன், எதிர்மறை பற்றி 1917இல் எழுதிய நூலிலேயே கவனித்திருக்கிறார். தமிழில் இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை' என்று எழுதினால், வந்துவிட்ட ஒருவரைப் பற்றி 'எதிர்பார்க்கவில்லை' என்று வியப்பதாகவே பெரும்பாலான வாசகர்கள் கொள்வர். நடந்து முடியாத ஒன்றைப் பற்றிய முன்கணிப்பாக அது ஒலிக்காது. 'அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்' என்பதோ, 'அவர் வருவது சந்தேகம்தான்' என்பதோதான் ஆங்கிலக் கூற்றுக்கு ஈடானது. இந்த ஒரு நுட்பத்தைக் கவனியாமல் விட்டதால் பொருள் தலைகீழான மொழிபெயர்ப்பு வரிகள் செய்தித்தாள்களில் குறைவில்லை.

தொடரின் வரலாறும் கருதத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கிய இரு வினைகள் இருந்தன: ஒன்று நினைத்தலைக் குறித்தது, மற்றொன்று தோன்றுதலைக் குறித்தது. இரண்டாவது வினையோடு நினைப்பவர் எழுவாயாக வருவதில்லை. 'எனக்கு' என்னும் பொருளில் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்பார். பிற்காலத்தில் இவ்விரண்டும் ஒலியில் கலந்துபோயின. தோன்றுதல் வினையின் எச்சம் 'மீதிங்க்ஸ்' என்று இறுகிய ஒரே சொல்லாக ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் வரை வாழ்ந்து, பின்னர் வழக்கொழிந்தது. ஆங்கிலம் எழுவாயற்ற வாக்கிய அமைப்புகளைப் பொதுவாகவே கைவிட்ட காலம் அது. பின்லாந்து நாட்டு ஆய்வாளர் மின்னா பாலன்டர்-கொலின் 1999இல் வெளியிட்ட நூல், இடைக்கால ஆங்கிலத்திலும் முற்புதுமைக்கால ஆங்கிலத்திலும் இவ்விரு தொடர்களும் அடைந்த மாற்றத்தை விரிவாகத் தடம்பிடிக்கிறது. தமிழ் வாசகருக்கு இந்தப் பழைய அமைப்பு அயலானதாக இராது. 'எனக்குத் தோன்றுகிறது' என்னும் தொடர் அதே நான்காம் வேற்றுமையோடு இன்றும் தமிழில் உயிர்ப்புடன் வழங்குகிறது. அதற்கும் 'நினைக்கிறேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர் இயல்பாகவே உணர்கின்றனர். தோன்றுவது தானாக வந்து சேர்வது. நினைப்பது ஒருவர் முனைந்து செய்வது. ஆங்கிலமோ தானாக வந்து சேரும் எண்ணத்துக்கான தொடரை இழந்து, இரு பொருளையும் ஒரே வினையின் மேல் ஏற்றிவிட்டது. இன்று அத்தொடர் சில இடங்களில் தயக்கமாகவும் வேறு சில இடங்களில் அழுத்தமாகவும் ஒலிப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம் எனக் கொள்வது பொருத்தமே.

தயக்கமா அழுத்தமா என்னும் வினாவே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும் விவாதமாயிற்று. அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1973இல் கட்டுரையாகவும் 1975இல் நூலாகவும் வெளியிட்ட ஆய்வு, சமூகத்தில் பெண்களுக்குக் கற்பிக்கப்படும் தாழ்நிலை அவர்களுடைய பேச்சிலும் படிகிறது என்று வாதிட்டது. கூற்றின் வலுவைக் குறைத்து, பின்வாங்குவதற்கு இடம் வைத்துக்கொள்ளும் தணிப்புச் சொற்களைப் பெண்கள் மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர் என்றார் அவர். அச்சொற்களின் பட்டியலில் 'ஐ திங்க்' என்பதும் இருந்தது. அதிகாரத்துக்கும் மொழிக்கும் உள்ள உறவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த அந்நூலின் பெருமை குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆனால் அது பதிவுசெய்யப்பட்ட உரையாடல்களை எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட நூலன்று. பெரும்பாலும் ஆசிரியரின் சொந்த மொழியுணர்வையும் அவர் சுற்றத்தாரின் பேச்சையும் சார்ந்து நின்றது.

பதிவுசெய்த பேச்சுகளைக் கொண்டு இக்கருத்தைச் சோதித்தவர் நியூசிலாந்து மொழியியலாளர் ஜேனட் ஹோம்ஸ். ஒரே தொடர் எதிரெதிரான இரு பணிகளைச் செய்கிறது என்பதை 1980களிலும் 1990இலும் வெளிவந்த கட்டுரைகளில் அவர் நிறுவினார். குரல் இறங்கி மீண்டும் சற்றே ஏற, வாக்கியத்தின் இறுதியில் ஒட்டிவரும்போது அது தயக்கத்தைக் காட்டுகிறது. வாக்கியத்தின் முதலில், நினைத்தல் வினையின் மேல் அழுத்தம் விழ வரும்போதோ அது ஆய்ந்து தெளிந்த முடிவை அறிவிக்கிறது. கூற்றின் வலு குறைவதற்கு மாறாகக் கூடுகிறது. அவருடைய தரவுகளில் பெண்கள் இத்தொடரை அழுத்தப் பொருளிலேயே மிகுதியாகப் பயன்படுத்தியிருந்தனர். தயக்கப் பொருளில் ஆண்களே மிகுதியாகப் பயன்படுத்தியிருந்தனர். சொல்லை மட்டும் எண்ணி, குரலையும் இடத்தையும் விட்டுவிடும் எந்த ஆய்வும் இத்தகைய தொடர்களைப் பற்றித் தவறான முடிவுக்கே வரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்-மரி சைமன்-வாண்டன்பெர்கன் அரசியல்வாதிகளின் பேச்சை ஆராய்ந்து 2000இல் எழுதிய கட்டுரையும் இதே திசையில் செல்கிறது. நேர்காணல்களில் அரசியல் தலைவர்கள் இத்தொடரை அடிக்கடி வாக்கிய முதலில் வைக்கின்றனர். அங்கே அது 'எனக்கு உறுதியில்லை' என்று பொருள்படுவதில்லை, 'இது என் நிலைப்பாடு, இதைச் சொல்லும் தகுதியுடன் சொல்கிறேன்' என்று பொருள்படுகிறது. தன்னம்பிக்கை கூட வேண்டுமானால் இத்தொடரைக் கைவிட வேண்டும் என்று இளம்பெண்களுக்கு அறிவுரை கூறுவோர் இவ்வாய்வுகளைப் படிக்கவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது.

உறுதியாக அறிந்த ஒன்றைக்கூட 'ஐ திங்க்' என்று தொடங்கிச் சொல்லும் வழக்கத்துக்குப் பணிவுக் கோட்பாடு விளக்கம் தருகிறது. பெனலோப்பி பிரவுனும் ஸ்டீவன் லெவின்சனும் 1978இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டு, 1987இல் தனி நூலாகப் பதிப்பித்த அக்கோட்பாட்டுக்குத் தமிழ் வாசகர் நெருக்கமான உறவு கொண்டாடலாம். ஏனெனில் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால் மொழி ஆகியவற்றோடு, கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் திரட்டப்பட்ட தமிழும் அதன் மூன்று ஆதார மொழிகளுள் ஒன்று. மனிதர் ஒவ்வொருவரும் பிறர் முன் காத்துக்கொள்ள விரும்பும் மதிப்பை அவர்கள் 'முகம்' என்ற சொல்லால் குறித்தனர். முகத்தில் அடித்தாற்போல் பேசுவது, முகம் கோணாமல் மறுப்பது என்றெல்லாம் வழங்கும் தமிழருக்கு இக்கருத்தை விளக்க வேண்டியதில்லை. மாற்றுக்கருத்து கேட்பவரின் முகத்துக்கு ஊறு விளைவிக்கக் கூடியது. 'இது தவறு' என்பதற்கு மாறாக 'இது தவறு என்று நினைக்கிறேன்' என்னும்போது அக்கருத்து பேசுபவரின் கணக்கில் மட்டும் எழுதப்படுகிறது; உலகமே ஏற்ற உண்மையாக அது கேட்பவர் மீது சுமத்தப்படுவதில்லை. கேட்பவரும் தம் கணக்கில் வேறொரு கருத்தை எழுதிக்கொள்ள அங்கே இடம் கிடைக்கிறது. இதில் ஐயத்துக்கு வேலையில்லை. பேசுபவர் நூற்றுக்கு நூறு உறுதியோடு இருந்தாலும் இந்த இடத்தை விட்டுவைக்கலாம்.

இவ்வாறு இடம்விட்டுப் பேசும் பழக்கம் ஆங்கிலப் பண்பாட்டுக்கே உரிய மரபின் விளைவு என்னும் துணிவான வாதத்தை முன்வைத்தவர் ஆனா வியெர்ஸ்பிட்ஸ்கா. போலந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய இம்மொழியியலாளர் 2006இல் வெளியிட்ட நூலில், நினைத்தல், நம்புதல், ஊகித்தல், அனுமானித்தல் என்று அறிவின் உறுதியைப் படிப்படியாக வகுத்துக்காட்டும் தன்மைத் தொடர்கள் ஆங்கிலத்தில் மிகப் பல என்பதைச் சுட்டி, அவற்றின் பெருக்கத்தை ஜான் லாக்கின் மெய்யியலோடு இணைத்தார். 1690ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த லாக்கின் பெருநூல், மனித அறிவின் எல்லைகளை வரையறுத்து, சான்றின் அளவுக்கேற்பவே ஒன்றுக்கு இசைவளிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. தெரிந்ததையும் கருதுவதையும் பிரித்துச் சொல்வது அறிவொழுக்கம் என்னும் உணர்வு அதன்பின் ஆங்கிலப் பேச்சிலேயே ஊறிவிட்டது என்பது அவர் முடிவு.

இவ்வாதத்தை முழுமையாக ஏற்பதற்கு வரலாறு இடந்தரவில்லை. லாக்குக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முன்பே கவிஞர் சாசர் 'ஊகிக்கிறேன்' என்னும் பொருளுடைய 'ஐ கெஸ்' என்பதை இடைச்செருகாகப் பலகாலும் ஆண்டிருக்கிறார். 'மீதிங்க்ஸ்' அதற்கும் பழமையானது. எனவே இம்மரபை ஒரு மெய்யியலாளரின் நூல் பிறப்பித்தது எனல் பொருந்தாது. ஆயினும் மொழியில் முன்பே இருந்த கருவிக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் கல்விச்சூழல் புதிய மதிப்பை ஏற்றியது எனக் கொண்டால், வியெர்ஸ்பிட்ஸ்காவின் வாதத்தில் நிலைக்கத்தக்க பகுதி நிலைத்துவிடுகிறது. உண்மையையும் கருத்தையும் கோடுகிழித்துப் பிரிக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு ஆங்கில இதழியலிலும் கல்வியிலும் சட்டத்திலும் வேரூன்றியிருப்பதை மறுக்க முடியாது.

அந்தக் கோடு எவ்வளவு தூரம் காக்கும் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளந்து பார்த்ததற்கு இரு வழக்குகள் சான்று. ஓஹையோ மாநிலத்து உயர்நிலைப் பள்ளியொன்றின் மல்யுத்தப் பயிற்சியாளர் மில்கோவிச், விசாரணையில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார் என்னும் கருத்துப்பட உள்ளூர்ச் செய்தித்தாளின் விளையாட்டுப் பத்தி 1974இல் எழுதியது. அது பத்தியாளரின் கருத்து என்பதால் அவதூறுச் சட்டம் தீண்டாது என்ற வாதத்தை 1990இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. ஒருவரைப் பொய்யர் என்பதற்கு முன் 'என் கருத்தில்' என்று சேர்த்துவிட்டால் அவருக்கு நேரும் கேடு குறைந்துவிடாது என்று தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் விளக்கினார். சோதித்து மெய்யா பொய்யா என்று காணத்தக்க செய்தி ஒன்றை அக்கூற்று உள்ளடக்கியிருந்தால், முன்னொட்டு அதனைக் காப்பாற்றாது.

இரண்டாவது வழக்கு முதலீட்டாளர் சிலர் ஓம்னிகேர் என்னும் மருந்து வழங்கல் நிறுவனத்தின் மீது தொடுத்தது. தன் ஒப்பந்தங்கள் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 'நம்புவதாக' அந்நிறுவனம் பங்கு வெளியீட்டுக்கான பதிவு ஆவணத்தில் எழுதியிருந்தது. 2015இல் நீதிபதி எலனா கேகன் எழுதிய தீர்ப்பு, காப்பி சூடாக இருக்கிறது என்பதும், சூடாக இருக்கிறது என்று நினைக்கிறேன் என்பதும் ஒன்றல்ல என்று எடுத்துக்காட்டி, பின்னது உறுதியை வெளிப்படுத்தாத கருத்துரை என்று வகுத்தது. மெய்யாகவே கொண்டிருந்த கருத்து பிற்பாடு பிழையாகிப் போனால், அந்த ஒரு காரணத்துக்காக அதைப் பொய்த்தகவல் எனல் ஆகாது என்றும் கூறியது. ஆனால் அதே தீர்ப்பு மற்றொரு வாயிலையும் திறந்துவைத்தது: வழக்கறிஞர் எவரையும் கலந்தாலோசிக்காமலே ஒரு நிறுவனம் சட்டப்படி நடப்பதாக நம்புகிறோம் என்று எழுதினால், அக்கருத்துக்குப் பின்னால் முறையான விசாரிப்பு இருக்கிறது என்று வாசகர் கொள்வது இயல்பு, அந்த இயல்பான எதிர்பார்ப்பைப் பொய்யாக்கும் உண்மைகளை மறைத்தால் நிறுவனம் சட்டத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அர்ம்சன் 1952இல் மெய்யியலாகக் கண்டதை நீதிமன்றம் அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்துச் சட்டமாகக் கண்டது என்றே சொல்லலாம். கருத்துரைக்கும் தொடர் தனக்குப் பின்னால் ஓர் ஆதாரம் நிற்பதைச் சுட்டுகிறது. அந்த ஆதாரத்துக்குப் பேசுபவரே பொறுப்பு.

இந்தப் புரிதல் தமிழருக்கு இரண்டு இடங்களில் உடனடியாகப் பயன்படும். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இத்தொடரின் அகராதிப் பொருளோடு நிறுத்திவிடாமல், அது வாக்கியத்தின் எந்த இடத்தில் வருகிறது, குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, எதிர்மறை எங்கே போய் அமர்கிறது என்பவற்றை ஒலிப்பதிவுகளின் துணையோடு மாணவர்க்குக் காட்ட வேண்டும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்போர், எதிர்ப்படும் ஒவ்வொரு 'ஐ திங்க்' என்பதையும் 'நான் நினைக்கிறேன்' என்று வாக்கியத் தலையில் நிறுத்தும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். தமிழில் அவ்வினை வாக்கியத்தின் இறுதியில், எழுவாய் தொக்கி நிற்பதே இயல்பு. பல இடங்களில் அவ்வினையே தேவைப்படுவதில்லை. பேருந்து போய்விட்டது போலிருக்கிறது, போயிருக்கும், போயிருக்கலாம், போய்விட்டதாம் என்று ஊகத்தையும் கேள்விச் செய்தியையும் வினைமுடிவிலேயே வேறுபடுத்திக் காட்டும் வளம் தமிழுக்கு உண்டு. ஆங்கிலத் தொடர் அந்த இடத்தில் தயங்குகிறதா, ஊகிக்கிறதா, இடம்விடுகிறதா, நிலைப்பாட்டை அறிவிக்கிறதா என்று ஒருமுறை நிதானித்துப் பார்த்த பின் அவ்வளத்திலிருந்து உரியதைத் தெரிந்தெடுக்குமாறு மொழிபெயர்ப்பாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.